ஞாயிற்றுக்கிழமைக் கடல்

பெலிசியா போட்ட பச்சைக் கட்டம் சிவப்பாக மாறியது.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் சிவப்பு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியிலிருந்த அந்த அலுவலகத்தில் ஞாயிறு மதியம் அவளையும் சூப்பர்வைசர் இளவரசுவையும் தவிர யாருமில்லை; ஏசி கக்கும் ஈர வாடையும், ஜன்னல் இடுக்கில் நுழையும் ஹாரன் சத்தமும், எங்கேயோ ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டரும்தான் துணை.

வேலை லேசானதுதான். ஏதோ ஒரு சண்டையில் ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்த வீடியோப் படங்கள் வரும். சாதாரண ஜனங்களுக்குப் பச்சைக் கட்டம், சண்டைக்காரர்களுக்குச் சிவப்பு. அதைப் பார்த்து மிஷின் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டு என்ன செய்யும் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. அவளும்தான்.

இப்போது படத்தில் நடுக்கடல். ஒரு படகு. நான்கு பேர் வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், இவுங்க மீன் புடிக்கிறவங்க. மிஷின் செவப்பு போடுது."

இளவரசு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீ சொல்லிக் குடுத்ததுதானம்மா? ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறவன் மீனவனே இல்லன்னு. இன்னிக்கு என்ன கெழம?"

சொன்னவள் அவள்தான். கடலூரில் அவளுடைய சர்ச் பங்கில் ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலில் இறங்க மாட்டான். ஊரே பூசைக்குப் போகும். மீனவர் வீட்டுப் பெண் என்ற தலைக்கனத்தில், உலகமே அப்படித்தான் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமைப் படகுகளில் இருந்த அத்தனை பேருக்கும் சிவப்பு போட்டாள். அலுவலகத்தில் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பூட்டி ஞாயிற்றுக்கிழமை திறக்கும் ஊர்களும் உண்டென்று அந்த முட்டாளுக்குத் தோன்றவே இல்லை. அதுவும் யாருக்கு? புருஷனையே அரபு நாட்டுப் படகுக்கு அனுப்பிவைத்தவளுக்கு.

காலையில் ஆரோக்கிய பிரபு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "இங்க ஏது ஞாயிறு? மொதலாளி படகை எடுக்கச் சொல்லிட்டாரு. போயிட்டு வந்து பேசறேன்."

படத்தின் மூலையில் தேதியைப் பார்த்தாள். பழைய படங்கள்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்றைய தேதி.

போன் போட்டாள். மணி அடிக்கவில்லை.

படகின் முனையில் ஒருவன் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். கை நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு. இடது தோளுக்கு. வலது தோளுக்கு. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஆரோக்கிய பிரபுவும் கடலில் சிலுவை போடுவான்.

அந்தக் கையைச் சுற்றி மிஷின் தனியாக ஒரு கட்டம் போட்டது. சைகை, என்று எழுதியது.

"மச்சான், உக்காருங்க!" திரையைப் பார்த்துக் கத்தினாள். "சார், நிறுத்துங்க சார்! எங்க வீட்டுக்காரரு!"

"மேலேர்ந்து பாத்தா எல்லாருமே ஒரே மாதிரிதாம்மா தெரிவாங்க." இளவரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிறுத்த எனக்கு எங்க வழி இருக்கு?"

பச்சை போட்டாள். சிவப்பு. பச்சை. சிவப்பு. விரல் வழுக்கியது. பச்சை.

திரை வெளுத்தது.

சத்தமே இல்லை.

அடுத்த படம் வந்தது. அதே கடல். படகு இல்லை. வலையின் மிதவைகள் மட்டும் சிதறிக் கிடந்தன. எங்கேயும் கட்டம் இல்லை. கீழே மிஷின் கேட்டிருந்தது: படத்தில் ஆட்கள் யாரும் இல்லை, சரியா?

'ஆம்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

மிதவைகளுக்கு நடுவில் ஒரு கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.