இருபத்தோராவது போன்

முதலாளி ராமசாமியின் கையில் டெலிபோன் ரிசீவர் இருந்தது.

உயிர்தான் இல்லை!

வயிற்றில் மரவள்ளிக் கிழங்கு வெட்டும் கத்தி. ஜவ்வரிசி செய்யும் அந்தக் கள்ளக்குறிச்சி சேகோ ஆலை மொத்தமும் அறை வாசலில் திரண்டிருக்க, மகன் தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி நேராக சுபாஷிடம் வந்தார்.

"இங்க போன் பாக்குற ஆளு நீதானே? நேத்து மறியல்ல கோஷம் போட்டுட்டு வந்து, முதலாளிகிட்டயும் கத்தினியாமே?"

சுபாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவன் கொலையும் செய்வான்... இவர்கள் கணக்கு அப்படி!

"லைசென்ஸ் வாங்கச் சொல்லித்தான் மேடம் கத்துனேன். இது சாப்ட்வேர்ல ஓடுற போனு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு லைசென்ஸ் வேணும். எங்ககிட்ட இருக்கறது இருபதுதான். புதுசா ஒருத்தருக்குக் குடுக்கணும்னா பழசு ஒண்ணைச் சாவடிக்கணும்!"

"சாவடிக்கிறது உனக்குப் பழக்கம்தான் போலிருக்கு!"

இன்று உள்ளே போனால் எப்போது வெளியே வருவானோ...

இன்ஸ்பெக்டர் முதலாளியின் போன் திரையைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் குத்து வாங்கினப்புறம் வாசல் கேட் போனுக்கு மூணு தடவை அடிச்சிருக்காரு. வாட்ச்மேன்! ஏன்யா எடுக்கல?"

வாட்ச்மேன் சின்னக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டான்.

"முதலாளி போன் வர்லீங்கம்மா. மேனேஜர் அய்யாதான் சாயங்காலம் வூட்லேர்ந்து அடிச்சாரு."

மேனேஜர் தங்கதுரை வேகமாகத் தலையாட்டினார்.

"ஆமா மேடம். எங்க ஊரு வடக்கனந்தல்ல ஒரே மறியல். நான் வூட்ட வுட்டு நகரல. மலையிலேர்ந்து கிழங்கு லாரி வந்துச்சான்னு கேட்டுக்குப் போட்டேன். ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தோம்."

சுபாஷ் நிமிர்ந்தான்.

"கேட் போன்லயா சார்?"

"பின்ன இன்னா, அதுலதான்!"

"அது நேத்து மத்தியானமே செத்துப்போச்சி சார்!"

சுபாஷ் மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"மேனேஜர்னா டேபிள் மேல போன் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே... புது லைசென்ஸ் வாங்க முதலாளி ஒத்துக்கல. 'கேட்டோடதைப் புடுங்கி அவனுக்குக் குடு, வாட்ச்மேனைக் கத்திக் கூப்டுக்கலாம்'னாரு. புடுங்கித்தான் உங்களுக்குக் குடுத்தேன்!"

கேட்டுக்கு ஓடிய கான்ஸ்டபிள் திரும்பி வந்து, "போன் செத்துத்தான் கெடக்கு மேடம்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

சின்னக்கண்ணு பொத்தென்று இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தான்.

"கிழங்கு லாரியை வேற ஆலைக்குத் திருப்புனது முதலாளிக்குத் தெரிஞ்சிப்போச்சி... அய்யாதான் குத்துனாரு! போன் வந்ததா மட்டும் சொல்லச் சொன்னாரும்மா!"

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

சுபாஷ் தப்பித்துவிட்டான். சந்தோஷம்தான் வரவில்லை. கேட்டில் மணி அடித்திருந்தால் அங்கே லாரிக்காக நின்ற கூலிக்காரர்கள் யாராவது ஓடி வந்திருப்பார்களே! அந்த மணியைப் பிடுங்கியது அவன் கை.

தீனதயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தான்.

"சுபாஷு... மேனேஜர் லைசென்ஸ் இனிமே சும்மாதான கெடக்கும்? என் ரூமுக்கு மாத்திடு."

"அப்ப கேட்டுக்கு? புதுசு ஒண்ணு வாங்கிடலாமா சார்?"

"கேட்டுக்கு எதுக்குடா? வாட்ச்மேனே இல்லியே!"