போகாத நீலம்

வண்ணம்பாளையத்தில் பேருந்தில் ஏறுகிறவர்கள் உட்காருவதற்கு முன் இருக்கையில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். மஞ்சள் தெரிந்தால் தூக்க மாத்திரைக்காரர் யாரோ உட்கார்ந்து போயிருக்கிறார். பச்சை என்றால் இரத்த அழுத்தம். அதையெல்லாம் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நீலம் தெரிந்தால் மட்டும், கால் கடுத்தாலும் நின்றுகொண்டே போவார்கள். நீலம் புற்றுநோய் மருந்து, தொட்டவர் உடம்புக்கும் கேடு.

எல்லாம் நிறக்குறிச் சட்டம் வந்தபிறகுதான். ஆலையிலேயே ஒவ்வொரு மருந்தோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிட வேண்டும். மருந்து வியர்வையில் கசிந்து கதவுப்பிடியிலோ மேசையிலோ ஒட்டினால், எல்லோர் கையிலும் இருக்கும் தடவிளக்கு அதன் தடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல சட்டம்தான், குறை சொல்லக் கூடாது. மருத்துவமனைகளில் மருந்து கலக்கும் பெண்களை அது எத்தனையோ கேட்டிலிருந்து காப்பாற்றியது.

சென்னியப்பனுக்கு இரத்தப் புற்று. தினம் ஒரு நீல மாத்திரை விழுங்கினால் ஆள் கல் மாதிரி இருப்பான். சாயப்பட்டறையில் அலசல் பிரிவுக்கு மேஸ்திரி. மகள் பிறந்தபோது டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: "கைய நல்லாக் கழுவிட்டு விளக்குல பாருங்க. நீலம் இல்லேன்னா தாராளமாத் தூக்குங்க."

அங்கேதான் வினை வந்தது. குழந்தை பிறந்த வாரம் ஊரிலுள்ள விளக்குகளுக்கெல்லாம் கூர்மையைக் கூட்டும் புதிய மென்பொருள் வந்து இறங்கியது. முன்பு திட்டாக ஒட்டியிருந்தால்தான் தெரியும். இப்போது இம்மியளவு இருந்தாலும் மினுங்கியது. சென்னியப்பன் சோப்புப் போட்டான், சீயக்காய் போட்டான், தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தான். விளக்கில் நீட்டினால் மெல்லிய நீலம் அப்படியே நின்றது.

அதனால் அவன் மகளை அறை வாசலில் நின்றபடியே வளர்த்தான். "அம்மிணி, இங்க பாரு சாமி, அப்பன் இங்க இருக்கறேன்," என்பான். குரல் வந்த பக்கம் அவள் முகம் திரும்பும். அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று மனைவி கோகிலவாணி குழந்தையை அவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். இருவரும் ஒருநாளும் அழுது காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியவள், என்ன தோன்றியதோ, அதன்மேல் விளக்கடித்துப் பார்த்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலம்.

"ஏனுங்க," என்றாள். "பாப்பாவத் தூக்குனீங்களா?"

"இல்ல புள்ள."

"நா கடைக்குப் போனப்ப, ஆசைக்கு ஒருக்காத் தூக்கிருந்தாச் சொல்லிருங்க. நா ஒண்ணும் திட்டமாட்டேனுங்க."

"சாமி சத்தியமாத் தொடல கோகிலா."

சொல்லும்போதே, தூக்கித்தான் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு ஆதங்கமாக இருந்தது. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தான். கழுத்து மடிப்பு, அக்குள், காதோரம், எங்கும் ஒரே சீரான நிறம். அப்போதுதான் மேஸ்திரியின் கண் விழித்துக்கொண்டது.

"கை பட்டா திட்டுத் திட்டாத்தான் நிக்கும் புள்ள. இது முக்கியெடுத்த துணியாட்ட இருக்குது. அந்த விளக்க வாளிக்குள்ள புடி."

வாளித் தண்ணீர் நீலமாக மின்னியது. குழாயைத் திறந்தால் நீலக் கயிறு ஒன்று இறங்கியது. சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். சாயம் போகவில்லையென்றால் துணியை ஏன்டா கசக்குகிறீர்கள், அலசுகிற தண்ணியைப் பாருங்கள் என்று பட்டறையில் தினமும் கத்துகிறவன், வீட்டில் தன் கையை மட்டுமே கசக்கிக்கொண்டிருந்திருக்கிறான். ஊரின் சாக்கடையைச் சுத்திகரித்துத்தான் மறுநீர் என்று குழாயில் விடுகிறார்கள். அழுக்கு போய்விடுகிறது, ஊர் விழுங்கிய மாத்திரை போவதில்லை.

கூடையில் இளநீர் இருந்தது. பொள்ளாச்சித் தோப்பிலிருந்து கோகிலவாணிக்காக வாங்கி வைத்தது, ஊர்க் குழாய் படாத தண்ணீர். அவளே ஒன்றைச் சீவி அவன் கைகளில் ஊற்றினாள். பிசுபிசுத்த கைகளை விளக்கில் நீட்டினான். பொட்டு நீலம் இல்லை.

"எடுத்துக்கோங்க," என்றாள்.

குழந்தை அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மகள், இளநீர் மணத்த அவன் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பன் விம்மி அழுதான். "மெதுவாங்க, பயந்துக்கும்," என்று சொல்லிக்கொண்டே கோகிலவாணியும் அழுதாள்.

மறுநாள் அவன் போய்ச் சொல்ல, பட்டறை ஆட்கள் தங்கள் வீட்டுக் குழாய்களில் விளக்கடித்தார்கள். பிறகு தெரு, பிறகு ஊர். கூட்டம் கூடிற்று, கூச்சல் எழுந்தது. நகராட்சிப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். குழாயை ஒன்றும் செய்ய முடியாது, ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. விளக்கை மாற்ற முடியும். அடுத்த வாரமே எல்லா விளக்குகளுக்கும் திருத்தம் வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறதோ அதுவரை இனி விளக்குக்குச் சுழியம், அதைத் தாண்டினால்தான் மினுங்கும்.

நீலம் மறைந்தது. பேருந்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டில் பல மாதம் கழித்துப் பேரனைத் தூக்கியவர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். சென்னியப்பனும் வாங்கிக்கொண்டான். அந்தச் சிரித்த முகத்திடம் தண்ணீரைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

இளநீரும் கேன் தண்ணீரும் கட்டுப்படியாகாமல், கோகிலவாணி மறுபடி குழாயில் வாளியைப் பிடித்து வைத்தாள்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு ஊத்தட்டுங்களா?"

அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியருகே குந்தி விளக்கடித்தான். தண்ணீர் இருட்டாகவே கிடந்தது. எந்த நீலம் போய்த் தொலையவேண்டும் என்று இத்தனை நாள் கையைத் தேய்த்தானோ, அது ஒரு துளியாவது கண்ணில் படட்டும் என்று விளக்கைப் பிடித்தபடியே இருந்தான்.