கஸ்பார் சட்டம்

நான்காவது ஆட்டக்காரனும் கஸ்பாரின் உடம்பைவிட்டு ஓடிப்போனபோது, மெடில்டா செருப்பைக் கழற்றி மருத்துவமனைத் திரையின் மேல் வீசினாள்.

"போறானுவ பாரு! எட்டிப் பாத்துட்டு ஓடுதானுவ!"

காத்திருப்புக் கூடத்தில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. தூத்துக்குடியின் அந்தப் பெரிய மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் உள்ளே ஒரு சொந்தம் படுத்திருந்தது. அந்தச் சொந்தத்தின் இரத்தத்துக்குள் முகம் தெரியாத யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பெருகிய பிறகு வந்தது குருதிக்கோட்டை. நோயாளியின் இரத்தத்தில் நுண்கருவிகளைச் செலுத்துவார்கள். அவற்றில் ஒன்று முன்னோடி; ஒரு உடம்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முன்னோடிதான் இயங்கும். ஆட்டக்காரர் தன் வீட்டில் இருந்தபடியே முன்னோடியைக் குழாய் குழாயாக நடத்திப் போவார். வழியில் ஒதுங்கிக் கிடக்கும் மற்றக் கருவிகளைப் பொறுக்கி, கிளை பிரியும் இடங்களில் சுவரில் பதித்துக் காப்புக்கோபுரம் எழுப்புவார். அலை அலையாக வரும் கிருமிகளைக் கோபுரங்கள் சுட்டு வீழ்த்தும். எந்த இரண்டு உடம்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதுச் சுரங்கம், புது ஆபத்து. கணினிகள் இதில் திணறின. விளையாடிப் பழகிய மனிதர்கள் வென்றார்கள்.

ஆனால் விளையாட்டுப் புத்தியும் கூடவே வந்துவிட்டது. நுழைந்ததும் வரும் முதல் அறையில் போதுமான கருவிகள் வந்து சேரவில்லையென்றால் 'கைவிடு' பொத்தானை அழுத்திவிட்டு வேறு உடம்புக்குப் போய்விடலாம். முதல் அலைக்கு முன்னால் கைவிட்டால் தோல்வி கணக்கில் ஏறாது. கைவிட்டதும் முன்னோடி கரைந்துவிடும். மருத்துவர்கள் புதிதாக ஒன்றைச் செலுத்துவதற்குள் கிருமி இன்னும் சில குழாய்களைப் பிடித்திருக்கும்.

மெடில்டாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'சுறா' என்ற பெயரில் அவளும் ஆடுகிறவள்தான். மாவட்டத்தில் பேர் வாங்கிய கை.

"டாக்டர், நான் ஆடுதேன். எம் புருசன நான் பாத்துக்கிடுதேன்."

"சொந்தக்காரங்க ஆடக் கூடாதும்மா. கை நடுங்கும்னுதான் சட்டமே போட்டிருக்கு."

"நடுங்குத கைக்கு இடமில்ல, ஓடுத காலுக்கு இடமிருக்கோ?"

மருத்துவர் புது முன்னோடியைச் செலுத்த உள்ளே போனார்.

ஐந்தாவதாக வந்தவன் 'தனிக்காட்டான்'. நாட்டின் முதல் வரிசைக்காரன். அந்தப் பெயரைத் திரையில் கண்டதும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் முதல் அறையைச் சுற்றிப் பார்த்தான். நின்றான். போய்விட்டான்.

அன்று மாலைக்குள் கஸ்பார் இறந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். காலில் துருப்பிடித்த கம்பி கீறியதுதான் நோயின் தொடக்கம்.

அடக்கம் முடிந்த கையோடு மெடில்டா தனிக்காட்டானைத் தேடிப் பிடித்தாள். கோவில்பட்டியில் ஒரு சந்து வீட்டில் இருந்தான். பெயர் ஆவுடையப்பன். இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு, கையில் கத்தியும் சின்ன வெங்காயத் தட்டுமாகக் கதவைத் திறந்தான்.

"கஸ்பார்னு ஒருத்தரு. எட்டிப் பாத்துட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"எங்களுக்குப் பேரு காட்ட மாட்டாங்களே."

"செத்துட்டாரு."

அவன் கத்தியையும் தட்டையும் கீழே வைத்தான். "உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார வரல. ஏன் விட்டுட்டுப் போன?"

"ரெண்டு கோபுரத்துக்குக்கூடக் கருவி இல்ல. நின்னிருந்தாலும் தோத்திருப்பேன். அதே நேரத்துல வேற ஒரு உடம்புக்குப் போனேன். அது பொழச்சிக்கிடுச்சி." அவள் கட்டைவிரல் காய்ப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "நீங்களும் ஆடுதவங்கதான? நீங்க யாரையுமே விட்டதில்லையா?"

விட்டிருக்கிறாள். வலக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடக்கையால் விட்டிருக்கிறாள். விட்ட உடம்புகள் என்ன ஆயின என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவன்மேல்தான் வெறி இன்னும் ஏறியது. வெங்காயத் தட்டை எட்டி உதைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதன்பிறகு அவள் ஓயவில்லை. கைவிடு பொத்தானையே எடுக்கச் சொல்லித் துறைமுக வாசலில் பேசினாள். தொலைக்காட்சியில் பேசினாள். "உங்களுக்கு அது ஒரு ஆட்டம். எனக்கு அது ஒரே ஒரு புருசன்" என்று அவள் கத்தியதைக் கேட்டு ஊர் ஊராக ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. சட்ட வரைவு தயாரித்த அதிகாரி அவளிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ஆபத்துக்குன்னு ஒரு வழியாவது வைப்போம்மா. மருத்துவர் சொன்னா மட்டும் வெளிய வரலாம்னு..."

"ஒரு வழியும் வேண்டாம். ஓட்டை வச்சா ஓடிருவானுவ. நுழைஞ்சவன் கடைசிவரைக்கும் நிக்கட்டும்."

"அப்போ நுழையுறதுக்கு முன்னாலயே முதல் அறையைக் காட்டணும்னு ஆட்டக்காரங்க கேக்குறாங்க."

"காட்டித் தொலைங்க."

கஸ்பார் சட்டம் வந்தது. கைவிடு பொத்தான் எல்லாத் திரைகளிலிருந்தும் மறைந்தது. நுழைந்தவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். செய்திகளில் அவள் படம் வந்தது.

மோசமான முதல் அறைகளுக்குள் மட்டும் யாரும் நுழையவில்லை. முன்பெல்லாம் பத்துப் பேர் உள்ளே வந்து பார்த்தால் பிடிவாதக்காரன் ஒருவனாவது நின்றுவிடுவான். இப்போது பத்துப் பேரும் வாசலிலேயே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கைவிட்டதாக யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் மதியம் மெடில்டாவின் வீட்டுக் கதவை ஒருத்தி தட்டினாள். நடுத்தர வயது, கலைந்த தலை, கையில் கைபேசி.

"நீங்கதான கஸ்பார் சட்டம்?"

"ஆமா. நீங்க யாரு?"

"எம் பேரு குருவம்மா. எம் மவன் பெரியாஸ்பத்திரியில கெடக்கான். காலையிலேருந்து ஒரு பய உள்ள நுழையல. நீங்க போட்ட சட்டம், நீங்க நுழையுங்க."

மெடில்டா திரையை விரித்து, முதல் அறையின் வாசலில் நின்று பார்த்தாள். வீங்கிய குழாய்கள், மூன்று கோபுரத்துக்குத்தான் கருவி. வேண்டாம் என்று அவள் அனுபவம் சொன்னது. குருவம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுழைந்தாள்.

வெறிபிடித்தவள்போல் ஆடினாள். முதல் அலையை இரண்டே கோபுரங்களால் மடக்கினாள். சிதறிக் கிடந்த கருவிகளைப் பொறுக்கி, அடுத்தடுத்த கிளைகளில் கோபுரங்களை எழுப்பினாள். இரண்டாம் அலையும் சிதறியது. குருவம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அடுத்த பிரிவில் மெடில்டா இடக்கிளையைத் தேர்ந்தெடுத்தாள். குழாய் குறுகிக்கொண்டே போய் அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்து இரத்த ஓட்டம் தள்ளியது. முன்னோடியால் திரும்ப முடியவில்லை.

திரையின் மேல் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் தனிக்காட்டான்.

"வெளியிலருந்து பாத்துட்டிருக்கேன். வலக்கிளையில கருவி குவிஞ்சு கெடக்கு. நீங்க கட்டுன கோபுரம் இன்னும் நிக்குது, இப்ப இது நல்ல அறை. எப்படியாவது வெளிய வாங்க. புது முன்னோடி போட்டா நான் காப்பாத்திருவேன். சீக்கிரம்."

குருவம்மாவும் அதைப் படித்துவிட்டாள்.

"விடுங்க! அந்தாளு வாராருன்னு சொல்லுதாருல்லா, விடுங்க!" அவள் மெடில்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம் மவன விட்டுத் தொலையேன், பாவி!"

மெடில்டா, முன்பு கைவிடு பொத்தான் இருந்த திரையின் வலது மூலையை அழுத்தினாள். வெறும் கண்ணாடி. மறுபடி அழுத்தினாள். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினாள். உள்ளே மூன்றாவது அலை கிளம்பியது.