சில்வேரியோவின் முறை

தியோலிந்தா படகிலிருந்து நூலேணியைப் பிடித்து ஏறியபோது கப்பலின் மேல்தளத்தில் யாரும் இல்லை. அவள் கையில் சுட்ட மத்தி மீனும் ரொட்டியும் வைத்த கூடை. நண்பகலாகியும் தேஜோ ஆற்றின் மேல் மூடுபனி விலகவில்லை.

'சாந்தா இரியா' வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடிய போர்க்கப்பல். மொசாம்பிக் கரையில் அடிமைப் படகுகளைத் துரத்தியது. கினியாவின் ஆறுகளில் நுழைந்து, வரி கட்டாத ஊர்கள் மேல் குண்டு வீசியது. கோவாவில் பழுது பார்த்து மறுபடியும் ஆப்பிரிக்காவுக்கே அனுப்பினார்கள். இப்போது இயந்திரத்தையும் கொதிகலன்களையும் கழற்றி எடுத்துவிட்டு, லிஸ்பனுக்கு எதிரே நங்கூரமிட்டு நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு ஒரே ஆள். அதே கப்பலில் கரி அள்ளிப்போட்ட அவள் கணவன் ஃபிர்மினோ.

காற்று இல்லை. அலையும் இல்லை. ஆனாலும் கப்பல், கட்டிப்போட்ட மாடு மாதிரி, சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தது.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

சரக்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், சரக்.

கரி அள்ளும் சத்தம்.

அவள் இரும்புப் படிகளில் இறங்கினாள். இறங்க இறங்கச் சூடு ஏறியது. வெந்த தோலின் வாடை மூக்கைத் துளைத்தது. கொதிகலன் இருந்த வெற்றிடத்தின் முன்னால் ஃபிர்மினோ சட்டையில்லாமல், வேர்த்து வடிய நின்றிருந்தான். கையில் எதுவும் இல்லை. ஆனால் அள்ளினான், வீசினான். அள்ளினான், வீசினான்.

"என்ன பண்ற நீ?" என்றாள் மெதுவாக.

"சில்வேரியோ கேக்கறான், தியோலிந்தா. இன்னும் எவ்வளவு நேரம்டா உன் முறையை நான் பாக்கறதுன்னு."

அவர்கள் கல்யாணத்தில் குடித்துவிட்டு விடிய விடிய ஆடியவன் சில்வேரியோ. ஸாம்பெசி ஆற்றில் ஃபிர்மினோ காய்ச்சலில் கிடந்த அன்று, அவனுக்குப் பதிலாகக் கீழே இறங்கினான். நீராவிக் குழாய் வெடித்தது. வெந்த உடலை ஆற்றங்கரையிலேயே புதைத்துவிட்டு வந்தார்கள்.

"செத்தவனுக்கு ஏது முறை? மேல வா."

"நான் நிறுத்தினா அவன் ஆரம்பிச்சுடுவான்."

"ஆரம்பிக்கட்டும்."

அவன் கையைப் பற்றினாள். உள்ளங்கை நிறையப் புதுக் கொப்புளங்கள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கடைசியில் அவன் கைகள் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

இருவரும் விழுந்தடித்து மேலே ஓடினார்கள். காத்திருந்த படகில் கரைக்கு வந்து, அக்கரையில் அவர்கள் வீடு இருந்த பரெய்ரோவுக்குப் போகும் நீராவிப் படகைப் பிடித்தார்கள். தியோலிந்தா தன் சால்வையை அவன் தோளில் போர்த்தினாள்.

"இனிமே அந்தக் கப்பல்ல கால் வைக்கமாட்டேன்," என்றான்.

"வெக்க விட்டாத்தானே," என்றாள் அவள்.

படகு பாதி ஆற்றைத் தாண்டியிருக்கும். அதன் கரியள்ளும் ஆள் கீழேயிருந்து ஏறி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இங்க ஃபிர்மினோங்கறது யாருங்க?"

தியோலிந்தா கணவனைக் காட்டினாள்.

"உங்க கூட வந்தவரைக் கொஞ்சம் மேல கூப்பிடுங்கண்ணே. நான் போடறேன்னு எவ்வளவு சொல்லியும் கரி அள்ளற கரண்டியைத் தரமாட்டேங்கறாரு. பாவம், உடம்பெல்லாம் வேற வெந்து கிடக்கு."