அறுபட்ட வயரும் பூட்டிய சமையலறையும்

தை பிறந்து மழை விடைபெற்றிருந்தது. பினாங்குக் குன்றுகள் தெளிந்த வெயிலில் தவமிருப்பதுபோல் நின்றன. வீடுதோறும் தைப்பூச விரதம், காற்றிலும் ஓர் அடக்கம். அந்த அடக்கம் லோகேஸ்வரியிடம் மட்டும் இல்லை.

ஜார்ஜ்டவுன் மாடியறையில், துப்பறிவாளர் மெய்யம்மையின் மேசைமீது, முனையில் பிளக் தொங்கும் ஒரு சாண் வயரைப் பொத்தென்று போட்டாள். தோசை வியாபாரி அவள். தொழிற்சாலையில் அடிபட்ட கணவன் பிழைத்தெழுந்த அன்று, தைப்பூசப் பந்தலில் ஆயிரம் பேருக்கு இட்லி இடுவதாக நேர்ந்துகொண்டவள். பூசத்துக்கு மூன்றே நாள். முந்தாநாள் காலை காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்த் திரும்பியபோது, வீட்டையொட்டிய கொட்டகையில் மாவரைக்கும் பெரிய கிரைண்டர் இல்லை. டிரிப் சுவிட்ச் விழுந்து வீட்டில் மின்சாரமே நின்றிருந்தது. அதைத் தவணைக்கு விற்ற கடைக்காரன் மோகனராஜோ, அவளே அழைத்து ஒப்படைத்ததாகச் சாதித்தான். இரண்டு தவணை பாக்கி என்பதை அவள் மறைக்கவில்லை.

“நானே கூப்பிட்டுக் கொடுத்தேனாம்க்கா. என் மூஞ்சியப் பாத்தே சொல்றான்.”

வயர் எங்கே கிடைத்தது என்று மெய்யம்மை கேட்டார். கிரைண்டர் கொட்டகையில் நிற்கும். வயர் சன்னல் கம்பி வழியே சமையலறைக்குள் போகும். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனாள். திரும்பியபோது பிளக்கும் அறுந்த இந்தத் துண்டும் சுவரிலேயே இருந்தன.

“திருட்டுதான்லா இது, போலீசுக்குப் போவோம்” என்று எழுந்தாள் உதவியாளர் சல்மா. முதலில் கடையைப் பார்க்கலாம் என்றார் மெய்யம்மை.

பிறை நகரிலிருந்த மோகனராஜின் கடையில் கிரைண்டர் வேறொருவர் பெயரெழுதிய அட்டையுடன், புத்தம்புது வயருடன் நின்றது. அன்று வீட்டில் லோகேஸ்வரி பக்கத்தில் நிற்கத் தானே பிளக்கைப் பிடுங்கியதாகவும், பழைய வயரைக் கடைக்கு வந்தபின் மாற்றியதாகவும் மோகனராஜ் சரளமாகச் சொன்னான்.

“நேர்த்தி வைக்கத் தெரியுது, தவணை கட்டத் தெரியலையாக்கா?”

கூடவே வந்திருந்த லோகேஸ்வரிக்கு ரத்தம் தலைக்கேறியது. மெய்யம்மை மேசையிலிருந்த வெட்டுக்குறட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வாயில் கருகிய பள்ளம். வயரின் முனையும் கருகியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

“கரண்டு ஓடுற வயரை வெட்டினா குறடு இப்படித்தான் உருகும், வீட்டில டிரிப்பும் விழும். இவங்க பக்கத்தில நின்னிருந்தா கதவத் திறந்து பிளக்கைக் கழட்டியிருப்பாங்க. பூட்டின கதவுக்கு வெளிய நின்னவருக்குத்தான் வெட்ட வேண்டி வரும், தம்பி.”

“என் சாமான். பாக்கி வச்சா எடுப்பேன்.”

மெய்யம்மையின் குரல் உயரவில்லை. அதில் இருந்த நெருப்பு லோகேஸ்வரிக்குக் கேட்டது.

“எடுக்க வழி இருக்கு. எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், பாக்கிய கட்ட அவகாசம் விடணும். கொடுத்தீங்களா? இல்ல. அதுவரைக்கும் இத வச்சிருக்க இவங்களுக்கு உரிமை உண்டு. தனக்கு உரிமை இருக்குன்னு நெஜமா நம்பினவன், எடுத்தேன்னு நேரா சொல்லுவான். நீங்க ஆளில்லாத நேரம் பாத்து எடுத்து, வேற ஆளுக்கு வெல பேசி, இவங்களே கொடுத்தாங்கன்னு பொய்யும் சொன்னீங்க. வித்த பொருளே ஆனாலும் இதுக்குப் பேரு திருட்டு.”

சல்மா அதற்குள் போலீசை அழைத்திருந்தாள். வந்த போலீசார் குறட்டையும் வயரையும் கைப்பற்றி, கிரைண்டரைப் படமெடுத்துக்கொண்டு, லோகேஸ்வரியிடம் எழுதி வாங்கிக் கிரைண்டரை அவளிடமே ஒப்படைத்தார்கள்.

மாலையில் அவள் கிரைண்டர் கல்லைக் கழுவியபோதும் சினம் தணியவில்லை. பந்தலில் இடும் இட்லிக்காக அளந்து வைத்த அரிசியில் முதற்பிடியை எடுத்து, முருகன் படத்தின் முன் வைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கைகூப்பினாள். சினம் மெல்ல அடங்கியது.

பசித்து வருவோர் வயிறு குளிர்க. உழைத்து உண்போர் உடைமை, அறத்தின் காவலில் என்றும் நிலைக்க.