பக்கிரிசாமி வந்துட்டாரு

மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் வாசல் கால்மிதி ஊறிப்போய்க் கிடந்தது.

உஷாராணி அதை இரு விரலால் தூக்கினாள். சொட்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. பண்டமாரானில், வாசலிலிருந்து ரோடுவரை சிமெண்டு பூசிய தாமான் குடியிருப்பில், செம்மண்ணை எங்கே போய்த் தேடுவது? பக்கத்து வீட்டு நாய் வேலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நாய் போன வருடமே செத்துவிட்டது என்பது, கால்மிதியைக் கம்பியில் காயப்போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உஷாராணிக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும். அது ஊரறிந்த விஷயம். இன்றைக்கு அந்த வாய் முந்திய இடம்தான் சரியில்லை.

கிள்ளானைத் தாண்டி, ரப்பர் தோட்டமாக இருந்து சின்ன டவுனாகிவிட்ட இடம், அவள் கணவன் ஜீவனின் ஊர். அங்கே கோயிலுக்கு எதிரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் தாங்களாகவே பேர் கொடுத்து, பர்மா போர்முனைக்குப் போன தோட்டத்து ஆட்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. எரிக்க உடம்பும் இல்லை. அதனால் வருடத்துக்கு ஒருமுறை தூணடியில் பெயர்களை வாசிப்பார்கள். அந்தந்த வீட்டார் "வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பார்கள். குரல் கேட்ட வீட்டுக்கு அன்றைக்கு அவர் வந்து, படையலைச் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை.

ஜீவன் கண்டெய்னர் லோரியோடு குவாந்தான் போயிருந்ததால், அவன் பெரிய தாத்தா பெயருக்குக் குரல் கொடுக்க இந்த முறை உஷாராணி போனாள். கொடுத்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். அடுத்ததாக, பெயர்களை வாசித்த திருச்செல்வம் அங்கிள் மைக்கில் "பக்கிரிசாமி" என்றார். பதில் இல்லை. ஆளில்லாத பெயருக்குக் கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதுதான் வழக்கம் என்பது அவளுக்குத் தெரியாது. அத்தனை பேர் நின்றும் ஒரு மனுஷனுக்காக ஒருவரும் வாய் திறக்காதது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வந்துட்டாரு," என்றாள்.

பக்கத்தில் நின்ற, அதே ஊர்க்காரியான தங்கமணி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னா உஷா செஞ்ச? அந்த பேருக்கு யாரும் சொல்ல மாட்டாங்க லா."

"பாவம்க்கா, யாருமே இல்லியே."

"வீடு உள்ளவரு வந்துட்டுப் போவாரு. வீடே இல்லாதவரு உள்ள வந்தா ஏன் போறாரு? ஒங்க வீட்டு ஆளு எடத்ததான் புடிச்சிக்குவாரு."

ஐயோ பாவம் என்றால் ஆறு மாதப் பாவம் பிடிக்கும் என்பார்கள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

பக்கத்துச் சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து அந்திநேர மக்ரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. அவள் முன்கதவைப் பூட்டினாள், திறந்து பார்த்தாள், மறுபடி பூட்டினாள். வீட்டுக்குள் ஏதோ ஒரு வாடை, ஈரக் கித்தானும் மக்கிய இலையும் நாள்பட்ட காயமும் சேர்ந்த வாடை, சாம்பிராணிப் புகையையும் மீறி, கூடத்து விசிறி சுழலும்போதெல்லாம் அவள் முகத்தில் வந்து மோதி, சமையலறைப் பக்கமாகவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஜீவன்.

"திரும்பி வர்ற வழியில காராக் வந்துட்டேன். ரோட்டுல ஒரே பனி லா. சாப்பாடு போட்டு வை, பசி உயிர் போவுது."

நல்ல குரல். வழக்கமான குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, சமையலறை மேஜையில் மூடிவைத்தாள். கதவோரம் கிடக்கும், அவன் வீட்டில் போடும் ரப்பர் செருப்பை நேராக எடுத்து வைக்கலாம் என்று முன்கதவருகே வந்தாள்.

செருப்பு அங்கே இல்லை.

சமையலறையில் தட்டு மூடி நகர்ந்தது. மெதுவாக, சத்தம் வராதபடி. பிறகு சோறு பிசையும் ஓசை. பல நாள் பட்டினி கிடந்தவர் சாப்பிடும் ஓசை.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. போன் மறுபடி அடித்தது.

"உஷா, லோரி நின்னுபோச்சு. எறங்கிப் பாத்தேன். ஹைவேயக் காணோம்."

"என்னாங்க சொல்றீங்க?"

"காடு. முழங்கால் சேறு. முன்னால ஆளுங்க வரிசையா நடந்து போறாங்க. யாரு காலுலயும் செருப்பு இல்ல."

"அவங்ககூட போவாதீங்க! லோரியிலயே ஏறி உக்காருங்க!"

"பின்னாலயும் ஆளுங்க, உஷா. நிக்க விட மாட்றாங்க."

அவன் மூச்சு இரைத்தது. சேற்றில் கால்கள் புதைந்து எழும் ஓசை, நூற்றுக்கணக்கான கால்கள். அதற்கும் அப்பால் ஒரு குரல், பெயர்களை வாசித்துக்கொண்டு. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. இடைவெளி. யாரும் பதில் சொல்லவில்லை.

"ஜீவன்," என்றது அந்தக் குரல்.

உஷாராணி போன் பிடிக்காத கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவர்களுக்குச் சொல்லும் சொல் அது. அதைச் சொன்னால் அவன் செத்தவன். சொல்லமாட்டாள். நாக்கே அறுந்தாலும் சொல்லமாட்டாள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான்.

"ஜீவன்."

சமையலறையில் மெல்லும் ஓசை நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"வந்துட்டாரு."

ஜீவனின் குரல். போனிலிருந்து இல்லை. சமையலறையிலிருந்து. காலையில் பக்கிரிசாமிக்காக அவள் சொன்னதை, இப்போது அவளுக்குப் பதிலாக அவர் சொல்லிவிட்டார்.

போனில் மூச்சு இல்லை. சேறு இல்லை. ஒன்றும் இல்லை.

"உஷா," என்றது உள்ளேயிருந்து அதே குரல், பிரியமாக. "இன்னும் கொஞ்சம் சோறு வை."

ரப்பர் செருப்பு ஈரத்தோடு தரையில் உரசி வந்தது. அவள் கண்ணை முன்கதவில் பதித்திருந்த கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. கம்பியில் காயப்போட்டிருந்த கால்மிதி இப்போது வெளியே வாசலில் கிடந்தது. அதன்மேல், யாரும் இல்லாத இடத்தில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு வெறும் பாதங்களின் தடம் அழுந்தி, விரல்கள் கதவைப் பார்த்தபடி, செம்மண் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.