பலாபத்வல பயிற்சி வீடு

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ரஜனி பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துவந்தவள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் புறப்பட்டிருந்தாள். பயணம் சரியாகும் வரை பெண்களைத் தங்கவைத்து வேலை பழக்கும் பழைய வீட்டுக்கு ஏஜென்ட் இந்திரகுமார் அவளைக் குடை பிடித்து அழைத்துப்போனார்.

கதவு திறந்ததும் ஈரச் சுவரின் வாடை அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. எதுவோ தீய்ந்தது போல.

உள்ளே, அவளுக்கு முன்பே உக்குவளையிலிருந்து வந்து பயணத்துக்குக் காத்திருந்த றம்லா மட்டும் இருந்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இந்திரகுமார் இருவரையும் துணி வேலை பழகப் பின்னறைக்கு அனுப்பினார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. மங்கிய பல்ப் வெளிச்சத்தில் ரஜனி அயன் பெட்டியைச் சட்டையின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது.

றம்லா பழக்குகிறாள் என்றுதான் நினைத்தாள். றம்லா எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த உள்ளங்கையில் தோல் இல்லை. காதோரம் ஒரு பெண் குரல் கேட்டது.

“பாஸ்போர்ட்ட குடுத்துடாத தங்கச்சி. நான் குடுத்தேன்.”

ரஜனி நடந்ததைச் சொன்னபோது றம்லா மடித்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, போன வருடம் இதே அறையில் தங்கிக் குவைத்துக்குப் போன தன் ஊர்க்காரி விஜிதாவைப் பற்றிச் சொன்னாள். இங்கே வாங்கிய பாஸ்போர்ட் அங்கே வீட்டு எசமானியின் கைக்குப் போனது. அடி தாங்காமல் ஓடிவர நினைத்தும் அவளால் முடியவில்லை. சவப்பெட்டியில்தான் திரும்பி வந்தாள். மாரடைப்பு என்றார்கள். பெட்டியைத் திறந்த தாய், மகளின் இரண்டு உள்ளங்கையிலும் அயன் பெட்டியின் சூடு பதிந்திருந்ததைப் பார்த்தாள்.

பொழுது சாயுமுன் இந்திரகுமார் வந்து பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். ரஜனி தரமாட்டேன் என்றாள். றம்லாவும் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் கோபப்படவில்லை.

“பசிச்சா குடுப்பீங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.

சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் யாரையோ அதட்டும் குரல் கேட்டது.

பிறகு கெஞ்சும் குரல்.

பிறகு ஒன்றுமே இல்லை. கதவிடுக்கு வழியே கருகல் வாடை உள்ளே வந்தது.

பூட்டு திறந்தது.

இந்திரகுமார் நடையில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்து, விரித்த தன் உள்ளங்கைகளையே வெறித்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் காணவில்லை. இரண்டு பெண்களும் திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள்.

மாத்தளையில் பெண் தொழிலாளர்களுக்காக வாதாடும் சிவதர்ஷினி அவர்களுடைய முறைப்பாட்டை எடுத்து நடத்தினார். வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். இந்திரகுமார் விளக்கமறியல் சிறைக்குப் போனார். ரஜனி மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, மலையில் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. இளம்பெண் ஒருத்தியின் குரல். தம்புள்ளையில் ஒரு வீட்டில் தன்னைப் பூட்டி வைத்திருப்பதாகவும், பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாமென்று ஓர் அக்கா சொல்லி இந்த நம்பரைத் தந்ததாகவும் சொன்னாள். ரஜனி இடத்தை விசாரித்து, சிவதர்ஷினி மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு உடனே வருவதாகச் சொன்னாள். கேட்காமல் இருந்திருக்கலாம். எந்த அக்கா என்று கேட்டுவிட்டாள்.

“பேரு சொல்லலங்க. இங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க. பேசுறீங்களா?”

வேண்டாமென்று ரஜனி சொல்வதற்குள் மறுமுனையில் போன் கைமாறியது.